குஞ்சு பொரிக்கும் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகும்போது: தேர்மோஸ்டாட் கோளாறைப் படிப்படியாகக் கண்டறிதல்

ஊர்க்கோழி முட்டைக்கு 21 நாள், காடைக்கு 17 அல்லது 18 நாள், தாராவுக்கும் வான்கோழிக்கும் 28 நாள் என்று கணக்கு இருக்கிறது. விசிறி பூட்டிய பெட்டியில் இந்த நாட்கள் முழுவதும் காற்றின் வெப்பநிலை 37.5 பாகை செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியென்றால் முட்டையின் மேல் மட்டத்தில் 38.5 முதல் 39 பாகை வரை இருக்கலாம். வெப்பநிலை சில மணிநேரம் குறைந்தால் முட்டை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அடைக்கோழியும் இரை தேட எழுந்துபோய்த்தான் வருகிறது. கூடினால் அப்படியில்லை. விசிறிப் பெட்டி 38.5 பாகையில் நாட்கணக்காக நின்றால் குஞ்சு முந்திப் பொரித்து, தொப்புள் மூடாமல், கால் வலுவில்லாமல் வெளியே வரும். 41 பாகையைத் தாண்டி நின்றால் கரு இறக்கும் ஆபத்து நேரம் கூடக்கூட ஏறும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் ரெஜிபோம் (தேர்மோகோல்) பெட்டியிலோ, பழுதான குளிர்சாதனப் பெட்டியின் கூட்டிலோ ஒரு பல்பும் கணினி விசிறியும், வெப்பநிலையை அளந்து பல்பை ஏற்றி அணைக்கும் தேர்மோஸ்டாட்டும் பூட்டிப் பலர் வீட்டிலேயே குஞ்சு பொரிக்கிறார்கள். பெட்டி சூடேறியதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது புதிய தேர்மோஸ்டாட் வாங்குவதுதான். என் கணிப்பில் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். தேர்மோஸ்டாட்டால் வெப்பத்தைக் கூட்டுவதை நிறுத்த மட்டுமே முடியும். உள்ளே சேர்ந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்ற அதற்கு வழியில்லை. நம்முடைய வெயிலில் பாதிக் கோளாறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் முட்டையைக் காப்பாற்றுதல்

பெட்டி 39 பாகையைத் தாண்டியிருப்பதைக் கண்டால் காரணம் தேடுவதற்கு முன் பல்பை மட்டும் அணைத்து, விசிறியை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வையுங்கள். வெப்பநிலை 37 பாகைக்கு இறங்கியதும் மூடலாம். முட்டையின் மேல் குளிர்ந்த நீர் தெளிப்பது நல்லதல்ல. ஓடு திடீரெனக் குளிரும்போது உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு, அதோடு கிருமியும் நுண்துளைகள் வழியே போகக்கூடும். முட்டைகளை உடனே வீசிவிடவும் வேண்டாம். ஒரு நாள் கழித்து இருட்டறையில் விளக்கில் பிடித்துப் பார்த்தால், நரம்புகள் சிவப்பாகத் தெரிகின்றனவா, கரு அசைகிறதா என்று தெரியும். அதுவரை முடிவெடுக்காதீர்கள்.

கருவிகளைத் தொடுவதற்கு முன் சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சுவர் சுவிச்சை அணைப்பது போதாது, ஏனெனில் தவறாக வயர் இழுத்த வீடுகளில் சுவிச் நியூட்ரல் பக்கத்தைத் துண்டித்து, உயிர்க்கம்பியில் மின்சாரத்தை அப்படியே விட்டுவைக்கும். சிறிய தேர்மோஸ்டாட் அட்டைகளின் அடிப்பக்கத்தில் 230 வோல்ற்று ஓடும் ஈய முனைகள் மூடப்படாமல் இருக்கும். பெட்டிக்குள் நீர்த் தட்டும் இருப்பதால், மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாத இணைப்பில் இந்தப் பெட்டியை ஓட்டவே கூடாது.

உண்மையான வெப்பநிலை எவ்வளவு?

தேர்மோஸ்டாட்டின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. இணையத்தில் வாங்கும் மலிவான வெப்பமானிகளும் ஒரு பாகை, இரண்டு பாகை பிழை காட்டுவது சாதாரணம். கைக்கெட்டும் தூரத்தில் நம்பத்தக்க அளவுகோல் ஒன்று இருக்கிறது: மருந்தகத்தில் விற்கும் காய்ச்சல் வெப்பமானி. அது நமக்குத் தேவையான 37 பாகையை அளப்பதற்கென்றே செய்யப்பட்டது; நல்ல நிலையில் இருந்தால் 0.1 பாகை அளவுக்குத் துல்லியமானது.

ஒரு பெரிய குவளையில் கைபொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 38 பாகையில், வெந்நீர் எடுங்கள். தேர்மோஸ்டாட்டின் உலோக முனைச் சென்சரையும் காய்ச்சல் வெப்பமானியின் முனையையும் ஒன்றாக நூலால் கட்டி, நீரின் நடுவில் தொங்கவிட்டு, மெதுவாகக் கலக்கிக்கொண்டே மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். காய்ச்சல் வெப்பமானி எட்டிய உச்ச அளவையே பிடித்துவைத்திருக்கும், நீரோ ஆறிக்கொண்டே போகும் என்பதால், அளவு எடுக்கும் கணத்தில் அதை அணைத்து மீண்டும் போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி வையுங்கள். பனிக்கட்டி நீரில் 0 பாகை பார்த்துச் சரிசெய்யும் முறையும் உண்டு. ஆனால் 0 பாகையில் சரியாகக் காட்டும் சென்சர் 37 பாகையிலும் சரியாகக் காட்டும் என்ற உறுதி இல்லாததால், இந்த வேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பல்பையும் சிவப்பு விளக்கையும் பார்த்தல்

இனிச் சென்சரைப் பழைய இடத்தில் வைத்து, பெட்டியை ஓடவிட்டு, அது சூடேறிய நிலையில் மூன்றை மட்டும் கவனியுங்கள்: முகப்பு என்ன எண் காட்டுகிறது, ரிலேக்கான (பல்புக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிச்) சிறு சிவப்பு விளக்கு எரிகிறதா, பல்ப் எரிகிறதா. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

முகப்பு நிர்ணயித்த அளவுக்கு மேல் காட்டுகிறது, சிறு விளக்கும் எரிகிறது, பல்பும் எரிகிறது என்றால், தேர்மோஸ்டாட் தனக்குச் சொன்னதைத்தான் செய்கிறது, தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கு பரவலாகக் கிடைக்கும் டபிள்யூ 1209 என்ற 12 வோல்ற்று அட்டை, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே குளிரூட்டும் நிலையில்தான் இருக்கும். அந்த நிலையில் சூடு கூடக்கூட ரிலே மூடிக்கொண்டே இருக்கும். நிர்ணயப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, பி0 என்ற இடத்தில் சி என்ற எழுத்தை எச் என்று மாற்றினால் முடிந்தது. எஸ்.ரி.சி. 1000 என்ற இன்னொரு தேர்மோஸ்டாட் வகையில் வெப்பத்துக்கான முனைகள் 5, 6; குளிரூட்டலுக்கானவை 7, 8. பல்ப் 7, 8 இல் பூட்டப்பட்டிருந்தால் இதே விளைவுதான்.

முகப்பு அதிகம் காட்டுகிறது, சிறு விளக்கு அணைந்திருக்கிறது, ஆனால் பல்ப் எரிகிறது என்றால், ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிளக்கைக் கழற்றி, ரிலே முனைகளில் ஒரு வயரை அவிழ்த்து, மல்டிமீற்றரில் தொடர்ச்சி பாருங்கள். அது சத்தம் எழுப்பினால் சந்தேகமே இல்லை. ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டினால் ஒட்டியது விடுபடலாம். அப்படி விடுபட்ட ரிலேயை மீண்டும் பயன்படுத்தாதீர்கள், அது இன்னொரு நாள் நள்ளிரவில் ஒட்டும். இழைப் பல்ப் குளிர்ந்த நிலையில் எரியத் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், ரிலே அடிக்கடி கிளிக், கிளிக் என்று இயங்கும் பெட்டியில் முனை ஒட்டுவது வெறும் காலக்கணக்குதான். புதிய ரிலே வாங்கும்போது அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் பல அம்பியர் எண்களில் 240 அல்லது 250 வோல்ற்று ஏசிக்கு எதிரே உள்ளதை மட்டும் பாருங்கள். அசையும் தொடுமுனைகள் இல்லாத திண்மநிலை ரிலே போட்டால் ஒட்டாது என்று சொல்பவர்கள் உண்டு. அது பழுதாகும்போது பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே பழுதாகும், எனவே ஆபத்து அப்படியே இருக்கிறது.

முகப்பு 37.5 என்று சாதுவாகக் காட்ட, முட்டையருகே வைத்த நல்ல வெப்பமானி 39 காட்டினால், சென்சர் பொய் சொல்கிறது அல்லது தவறான இடத்தில் இருக்கிறது. இதைப் பற்றியும், பல்ப் அணைந்த பிறகும் பெட்டி தானாகச் சூடேறும் நான்காவது நிலையைப் பற்றியும் விரிவாகப் பார்க்க வேண்டும்.

சென்சரின் இடமும் இணைப்பும்

சூடான காற்று மேலே தங்கும். சென்சர் பெட்டியின் தரையில் கிடந்தால் அது குளிர்ந்த காற்றையே அளந்து, பல்பை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். மேல் வரிசை முட்டைகள் அவியும். சென்சரின் முனை முட்டைகளின் மேல் மட்டத்தில், முட்டைத் தட்டின் நடுப்பகுதியில், சுவரைத் தொடாமல் தொங்க வேண்டும். வெளிக்காற்று நுழையும் துளைக்கு நேரே, நீர்த் தட்டுக்கு மேலே, விசிறியின் குளிர்ந்த பக்கத்தில் வைத்தாலும் இதே பிழை வரும். சென்சர் நனைந்த பஞ்சையோ துணியையோ தொட்டுக்கொண்டிருந்தால் ஆவியாதலால் அது இரண்டு மூன்று பாகை குறைத்துக் காட்டும் என்பதையும் கவனியுங்கள்.

விசிறி எப்போதும் ஓட வேண்டும். பல்போடு சேர்த்து ரிலேயில் பூட்டக் கூடாது. பொரிக்கும் நாட்களில் பறக்கும் குஞ்சுத் தூவி விசிறியின் அச்சில் சுற்றி அதை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் ஒன்று. ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் போட்டால் போதும்.

இணைப்பு விடயம் பலருக்குத் தெரியாதது, ஆகவே சற்று விளக்குகிறேன். டபிள்யூ 1209 உடன் வரும் சென்சர் ஒரு தடையி. 25 பாகையில் அதன் தடை 10 கிலோ ஓம், 30 பாகையில் ஏறத்தாழ 8, 37.5 பாகையில் ஏறத்தாழ 5.9 கிலோ ஓம். சூடு கூடினால் தடை குறையும். வயரில் எங்காவது ஒட்டு தளர்ந்து, பச்சை பூத்து, கூடுதல் தடை சேர்ந்தால், தேர்மோஸ்டாட் அதைக் குளிர் என்றே புரிந்துகொள்ளும். 37.5 பாகைக்கு அருகில் 240 ஓம் கூடினால் ஒரு பாகை பிழை; அதாவது முகப்பு 37.5 காட்டும்போது உள்ளே 38.5 இருக்கும். கல்லடி, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில் போன்று கடலும் வாவியும் பக்கத்திலுள்ள இடங்களில் உப்புக்காற்று செப்பு வயரை விரைவில் அரிக்கும். வயரை முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஓராண்டு தாங்கினால் அதிகம். சென்சர் வயரை நீட்ட வேண்டியிருந்தால் சோல்டர் செய்து, மேலே சுருங்கும் குழாய் போடுங்கள். வயரின் நீளத்தால் பிழை வராது, அதன் தடை ஓர் ஓம்கூட இருக்காது. பிழை முழுவதும் ஒட்டிலேயே.

ஒட்டுகளைச் சரிசெய்த பிறகும் வெந்நீர்ச் சோதனையில் ஒரு நிலையான வேறுபாடு மிஞ்சினால், பி4 என்ற இடத்தில் அதைத் திருத்தலாம். எஸ்.ரி.சி. 1000 இல் அது எப்4. ஒட்டைச் சரிபார்க்காமல் எண்ணைத் திருத்துவது வீண், நாளைக்கு அது இன்னொரு பிழை காட்டும்.

பல்ப் அணைந்த பிறகும் ஏறும் சூடு

இதுதான் நம் பகுதிக்கே உரிய கோளாறு. இணையத்தில் கிடைக்கும் பெட்டி வரைபடங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் வரைந்தவை. அவர்கள் 100 வாற்றுப் பல்ப் போடச் சொல்வதை நாமும் அப்படியே போடுகிறோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 சென்ரிமீற்றர் நீளமும், 35 அகலமும், 35 உயரமும், 2.5 சென்ரிமீற்றர் தடிப்புச் சுவரும் கொண்ட ரெஜிபோம் பெட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ ஒரு வாற்று வெப்பத்தைச் சுவர் வழியே இழக்கிறது. காற்றுத் துளைகள் வழியே போவதையும் சேர்த்தால் ஒன்றரை வாற்று என்று வைக்கலாம். மார்கழி மாரியில் இரவு 24 பாகை என்றால் பெட்டிக்குத் தேவை 20 வாற்று. நுவரெலியாவில் 10 பாகை இரவு என்றால் 40 வாற்று வேண்டியிருக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் பிற்பகல் அறை 34 பாகையில் நின்றால் தேவை வெறும் 5 வாற்றுதான்.

இப்போது முட்டையின் பக்கத்தைப் பாருங்கள். முதல் பத்து நாள் வரை முட்டை வெப்பத்தை வாங்கும் பொருள். பதினாலாம் நாளுக்குப் பின் கரு வளர்ந்து, தானே வெப்பம் வெளியிடத் தொடங்கும். 18 ஆம் நாளளவில் ஒரு கோழி முட்டை ஏறத்தாழ 0.13 வாற்று தரும். ஐம்பது முட்டையென்றால் ஆறரை வாற்று. விசிறியும் ஓரிரண்டு வாற்று சேர்க்கும். ஐந்து வாற்று மட்டுமே வெளியேறக்கூடிய பெட்டிக்குள் எட்டு வாற்று உண்டாகும்போது, பல்ப் முழுவதும் அணைந்திருந்தாலும் சூடு ஏறத்தான் செய்யும். நீர் ஆவியாகும்போது கொஞ்சம் கவர்ந்து செல்லும், ஆனால் அது போதாது. முதல் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பெட்டி மூன்றாவது வாரத்தில் மட்டும் ‘பழுதாவது’ இதனாலேயே. தேர்மோஸ்டாட் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதற்குப் பரிகாரம் மூன்று வகை. பெட்டியை இடம் மாற்றுவது முதலாவது, செலவில்லாதது. தகரக் கூரையின் கீழ் பிற்பகலில் அறை 37 பாகையைத் தாண்டும். அங்கே வைத்த பெட்டியை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. ஓட்டுக் கூரை அல்லது கிடுகு வேய்ந்த அறையில், மேற்குச் சுவரிலிருந்து விலகி, நிலத்துக்கு அருகே வையுங்கள். படுவான்கரைப் பக்கம் கச்சான் வறண்டு அடிக்கும்போது யன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் அறை நன்றாகக் குளிரும், காற்று வறண்டிருப்பதால் நீர் விரைவாக ஆவியாகிறது. மாரியில் இது பயன்படாது, தேவையும் இல்லை.

இரண்டாவது, பதினாலாம் நாளிலிருந்து காற்றுத் துளைகளை அகலத் திறப்பது. வளரும் கருவுக்கு ஒட்சிசனும் அப்போதுதான் அதிகம் வேண்டும். துளை திறந்தால் ஈரப்பதன் குறையும் என்பதால் நீர்த் தட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். முதல் 18 நாள் 45 முதல் 55 வீதமும், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 வீதமும் இருந்தால் நன்று.

மூன்றாவது, வெப்பத்தை வெளியே தள்ளும் சிறு விசிறி. எஸ்.ரி.சி. 1000 வைத்திருப்பவர்களுக்கு இது எளிது: 7, 8 முனைகள் வழியே வெளியேற்றும் விசிறிக்கு மின் கொடுத்து, நிர்ணயித்த அளவிலிருந்து விடும் இடைவெளியான எப்2 ஐ 0.5 என்று வைத்தால், 38 பாகையில் விசிறி தானாக ஓடத் தொடங்கும். எப்3 என்ற தாமதம் மூன்று நிமிடமாக இருக்கும், அதை ஒன்றாகக் குறையுங்கள். டபிள்யூ 1209 வைத்திருப்பவர்கள் இரண்டாவது அட்டையொன்றைக் குளிரூட்டும் நிலையிலேயே 38 பாகைக்கு வைத்துப் பயன்படுத்தலாம்.

ஏறி இறங்கும் ஊசல்

பல்ப் அணைந்ததும் வெப்பநிலை ஒரு பாகை மேலே போய், பிறகு நெடுநேரம் கழித்து இறங்குகிறது என்றால், பல்பின் வலு பெட்டிக்கு மிகையானது. மேலே பார்த்த பெட்டிக்கு 25 அல்லது 40 வாற்றே போதும். கடையில் இழைப் பல்ப் சிறிய அளவில் கிடைக்காவிட்டால், ஒரே அளவான இரண்டு பல்புகளைத் தொடராகப் பூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து தரும் வெப்பம் தனியொரு பல்பு தருவதிலும் குறைவாக இருக்கும், இரண்டும் நெடுநாள் எரியும். ஒன்று பழுதானால் மற்றதும் அணையும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். எல்ஈடி பல்ப் இந்த வேலைக்கு ஆகாது. பல்பைத் துளையிட்ட பால்மா ரின்னால் மூடினால் நேரடிச் சூடு முட்டையிலும் சென்சரிலும் படாது. ரெஜிபோம் சுவருக்கும் பல்புக்கும் இடையில் குறைந்தது பத்து சென்ரிமீற்றர் விடுங்கள், அது உருகித் தீப்பிடிக்கும் பொருள்.

டபிள்யூ 1209 இல் பி1 என்ற இடைவெளி கடையில் வாங்கும்போது 2 பாகையாக இருக்கும். அதை 0.3 ஆக்குங்கள். 0.1 ஆக்கினால் ரிலே ஓயாமல் இயங்கித் தேயும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போது, ஆறிய பெட்டியைப் பெரிய பல்ப் ஒரே மூச்சில் சூடாக்கி எல்லை தாண்டவைப்பதும் உண்டு. சிறிய பல்ப் அதற்கும் மருந்து.

இரண்டாவது காவல்

ரிலே என்றாவது ஒட்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, இரண்டாவது தேர்மோஸ்டாட் ஒன்றைத் தொடராகப் பூட்டிவிடுவது நல்லது. முதலாவது 37.5 இல், இரண்டாவது 38.5 இல், பல்புக்குப் போகும் உயிர்க்கம்பி இரண்டு ரிலேக்களையும் கடந்தே போக வேண்டும். இரண்டாவதன் சென்சரைப் பெட்டியின் மேல் பகுதியில் வையுங்கள். டபிள்யூ 1209 இன் பி6 என்ற உச்ச எல்லை இதற்கு ஈடாகாது, அதுவும் அதே ரிலேயைத்தான் அணைக்கப் பார்க்கிறது.

எல்லாவற்றையும் சரிசெய்த பின் முட்டையை உடனே அடுக்காதீர்கள். முட்டைகளின் இடத்தில் சிறு நீர்ப் போத்தல்களை வைத்து, பெட்டியை ஒரு பகலும் இரவும் ஓடவிட்டு, அதிகாலையிலும் பிற்பகல் இரண்டு மணியளவிலும் உச்சத்தையும் தாழ்வையும் எழுதுங்கள். இரு வேளையும் 37.2 இலிருந்து 37.8 வரைக்குள் நின்றால் முட்டை வைக்கலாம்; பிற்பகலில் மட்டும் தாண்டினால் இடத்தையும் துளைகளையும் மீண்டும் பாருங்கள்; இரவிலும் தாண்டினால் மட்டும் தேர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.